தோட்ட வரலாறு எழுதப் புறப்படுபவருக்கு: சான்றுகளைத் தேடும் வழியும் சோதிக்கும் வழியும்

கும்பாபிஷேக மலர் வேலை தொடங்கியதும் ஊரில் எழுதத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, "தோட்டத்து வரலாற்றை நாலு பக்கத்துக்கு எழுதிக் கொடுங்க சார்" என்று சொல்லிவிடுவார்கள். தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர் என்றாலும் இதே கதைதான். மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரியான ரப்பர்த் தோட்டப்புற ஊர்களில் வரலாறு பெரும்பாலும் இப்படித்தான் எழுதப்படுகிறது. எழுதுபவர் முந்தைய மலரை எடுத்து வைத்துக்கொள்வார். அந்த மலரோ அதற்கும் முந்தைய மலரைப் பார்த்து எழுதப்பட்டிருக்கும். மூன்று மலரிலும் "1908இல் கோயில் எழுந்தது" என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று சாட்சி கிடைத்துவிட்டதாகத் தோன்றும். உண்மையில் இருப்பது ஒரே சாட்சி, அதுவும் ஆண்டை எங்கிருந்து எடுத்தது என்று சொல்லாத சாட்சி. எத்தனை இடத்தில் அச்சாகியிருக்கிறது என்பதை எண்ணிப் பயனில்லை. ஒன்றையொன்று பார்த்து எழுதாத சான்றுகள் எத்தனை என்பதைத்தான் எண்ண வேண்டும்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள்

"எங்கள் தோட்டத்தின் வரலாறு" என்பது கேள்வியே இல்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஆவணக் காப்பகத்துக்குப் போனால் எந்தக் கோப்பைக் கேட்பது என்றே தெரியாது. பள்ளிக்கூடம் இப்போது இருக்கும் இடத்துக்கு எப்போது, ஏன் மாறியது? பழைய லயத்தை (தொழிலாளர் வரிசை வீடுகளை) இடித்தபோது குடும்பங்கள் எங்கே போயின? ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டபோது எத்தனை பேருக்கு வேலை போனது? இப்படி ஒரு ஆண்டையோ இடத்தையோ குறிவைத்துக் கேளுங்கள். நாலு பக்கக் கட்டுரைக்கு இரண்டு கேள்வி தாராளம்.

வரலாற்றாசிரியர்கள் சான்றுகளை முதன்மை, துணை என்று இரண்டாகப் பிரிப்பார்கள். நிகழ்ந்த காலத்திலேயே, அதில் தொடர்புள்ளவர்கள் உண்டாக்கியவை முதன்மைச் சான்றுகள்: செக்ரோல் (தொழிலாளரின் பெயர், கூலிப் பதிவேடு), பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, துரை (தோட்ட மேலாளர்) எழுதிய கடிதம், நில வரைபடம், அன்றைய நாளிதழ், புகைப்படம், கோயில் மணியில் வார்த்த பெயர். பின்னால் வந்தவர்கள் இவற்றைப் பார்த்து எழுதியவை துணைச் சான்றுகள்: ஆய்வேடு, பாடநூல், மலர்க் கட்டுரை. வாழ்ந்தவரே ஐம்பது ஆண்டு கழித்துச் சொல்லும் நினைவும் முதன்மைச் சான்றுதான். ஆனால் அது தாமதமாகப் பதிவானது என்பதை எழுதும்போது மறைக்கக் கூடாது.

இந்தப் பிரிவினை தாளில் ஒட்டியிருப்பதில்லை, நீங்கள் கேட்கும் கேள்வியைப் பொறுத்தது. 1975இல் வந்த ஒரு மலர், கோயில் தொடங்கிய காலத்துக்குத் துணைச் சான்று, அதுவும் பலவீனமானது. அதே மலர் 1975ஆம் ஆண்டைப் பற்றி என்றால் அருமையான முதன்மைச் சான்று. பின்பக்க விளம்பரங்களைப் பாருங்கள்: டவுனில் யார் மளிகைக்கடை வைத்திருந்தார், எந்த நகைக்கடை எவ்வளவு நன்கொடை கொடுத்தது, செயலவையில் ஒரு பெண் பெயராவது இருந்ததா. மலரில் பலரும் கிழித்து எறிவது அந்தப் பக்கங்களைத்தான்.

பெயரைத் தெரிந்துகொள்ளாமல் தேட முடியாது

பாதித் தேடல் தோற்பது இங்கேதான். ஒரே தோட்டத்துக்குக் குறைந்தது மூன்று பெயர் இருக்கும்: கம்பெனி பதிந்த பெயர், மலாய் இடப்பெயர், நம் ஆட்கள் வாயில் வழங்கிய பெயர். பாட்டி சொல்லும் பெயரில் காப்பகத்தில் எதுவும் கிடைக்காது. முதல் நாள் வேலையாக ஒரு தாளில் எல்லாப் பெயரையும் எழுதுங்கள். எந்தப் பெயர் எந்தக் காலத்தில் வழங்கியது என்றும் பக்கத்தில் குறியுங்கள்.

எழுத்துக்கூட்டும் மாறியிருக்கும். 1972இன் மலாய் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய தாள்களில் சுங்கை என்பதன் ரோமன் எழுத்துக்கூட்டில் கடைசி இரண்டு எழுத்து "ai" இல்லை, "ei" என்றே பெரும்பாலும் இருக்கும். இரண்டையும் போட்டுத் தேடுங்கள். ஊர்ப்பெயர்களே மாறியதும் உண்டு: தெலுக் ஆன்சன் 1982இல் தெலுக் இந்தான் ஆனது, பத்தாங் பெர்ஜுந்தை 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. சுங்கை சிப்புட் கோல கங்சார் மாவட்டத்தில் அடங்கியது. அதனால் ஊர்ப்பெயரில் கிடைக்காத கோப்பு கோல கங்சார் மாவட்ட அலுவலகத்தின் பெயரில் கிடைக்கலாம்.

கம்பெனிகளின் வம்சாவளியும் தேவைப்படும். ஹாரிசன்ஸ் அண்ட் கிராஸ்ஃபீல்டு தோட்டங்கள் பிறகு கோல்டன் ஹோப் ஆயின. கத்ரி கம்பெனியின் பங்குகளை 1981 செப்டம்பர் 7ஆம் தேதி லண்டன் பங்குச் சந்தையில் மலேசிய அரசின் முதலீட்டு நிறுவனமான பெர்மோடாலான் நேஷனல் வாங்கி எடுத்தது. 2007இல் கத்ரி, கோல்டன் ஹோப், சைம் டார்பி மூன்றும் ஒன்றாயின. ஒரு தோட்டம் கை மாறும்போது பழைய செக்ரோல்கள் எரிக்கப்படுவதும், கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டுப் பரணுக்குப் போவதும் வழக்கம். ஆகவே கடைசிக் கிராணியின் குடும்பத்தைத் தேடிப் பிடிப்பது கோலாலம்பூர் போவதைவிடப் பயன் தரக்கூடும்.

காப்பகம் என்றால் முதலில் கோலாலம்பூர், ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில் உள்ள அர்கிப் நெகாரா, அதாவது தேசிய ஆவணக் காப்பகம். பழைய ஆட்கள் ஜாலான் டூத்தா என்பார்கள். இணையத்தில் அதன் கோப்புப் பட்டியலைத் தேடி, கோப்பு எண்களை எழுதிக்கொண்டு, அடையாள அட்டையோடு போங்கள். அங்கே போய்த் தேடத் தொடங்கினால் ஒரு நாள் வீணாகும். காலனி காலக் கோப்புகள் ஆங்கிலத்தில் இருக்கும். தேடல் சொல்லும் அன்றைய அதிகாரியின் சொல்லாகவே இருக்க வேண்டும்: "கூலி", "தமில்", "கங்காணி" (தொழிலாளர் கும்பலை நடத்தும் மேஸ்திரி), ஏன், இன்று நாம் வெறுக்கும் "கிளிங்" கூட. நமக்குப் பிடித்த சொல்லைப் போட்டால் கோப்பு வராது. லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் சி.ஓ. 273 நீரிணைக் குடியேற்றங்களுக்கும் சி.ஓ. 717 கூட்டு மலாய் மாநிலங்களுக்கும் உரிய கடிதத் தொகுதிகள். பேராக் தோட்டத்துக்கு இரண்டாவதிலிருந்து தொடங்கலாம்.

நாளிதழுக்கு வீட்டிலிருந்தே தேடலாம். சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ் முதல் 1935இல் தொடங்கிய தமிழ் முரசு வரை உள்ளன. 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன் மலாயாத் தோட்ட மக்களுக்கு மிக நெருக்கமான இதழ். நூலகங்களில் உள்ள அதன் பழைய பிரதிகளை அவசியம் பாருங்கள். நாளிதழில் தோட்டப் பெயரை மட்டும் தேடாமல் துரையின் பெயரையும் தேடுங்கள். தோட்டம் செய்தியில் வராத ஆண்டிலும் துரை கிரிக்கெட் ஆடியது வந்திருக்கும்.

யார், யாருக்காக, எதற்காக

எந்தத் தாள் கையில் கிடைத்தாலும் அதில் உள்ளதைப் படிப்பதற்கு முன் பென்சிலால் நோட்டில் நாலு வரி எழுதுங்கள்: எழுதியவர் யார், எப்போது எழுதினார், யார் படிக்க எழுதினார், அதனால் அவருக்கு என்ன ஆக வேண்டியிருந்தது. ஐந்தாவது வரி, எதை எழுத அவருக்கு அவசியமே இருக்கவில்லை என்பது. தோட்ட வரலாற்றுக்கு இந்த ஐந்தாவதுதான் உயிர்.

கம்பெனியின் ஆண்டறிக்கை லண்டன் பங்குதாரருக்கு எழுதப்பட்டது. அதில் ஏக்கர் கணக்கு, விளைச்சல், ஒரு ராத்தல் ரப்பருக்கு ஆன செலவு எல்லாம் நம்பகமாக இருக்கும், ஏனென்றால் பணம் போட்டவன் கேள்வி கேட்பான். பால்மரம் வெட்டிய ஆள் அதில் "செலவு" என்ற பத்தியில் மட்டும் வருவார். 1920களிலிருந்து மலாயாவில் இருந்த இந்திய அரசின் ஏஜெண்டு எழுதிய ஆண்டறிக்கைகள் வேறு கோணம். அவர் கூலியையும் நோயையும் தகராறுகளையும் எழுதினார், இந்தியாவிலிருந்த அரசு அதைத்தான் கேட்டது. இரண்டையும் ஒரே ஆண்டுக்கு எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒன்று விட்டதை மற்றது காட்டும்.

செக்ரோல்தான் தோட்டத்தின் ஆணிவேர். பெயர், எண், எந்தக் கங்காணியின் கும்பல், மாதத்தில் எத்தனை பெயர் விழுந்தது (எத்தனை நாள் வேலை செய்ததாகப் பதிவானது), எவ்வளவு பிடித்தம் என்று எல்லாம் இருக்கும். 1920களின் கடைசியில் எளிதில் போய்வரக்கூடிய பகுதிகளுக்கு ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று கூலி விதிக்கப்பட்டது. இதைப் படித்ததும் முப்பதால் பெருக்கி "மாதம் 15 வெள்ளி சம்பாதித்தனர்" என்று எழுதிவிடுகிறார்கள். மழையில் பால்மர வெட்டு கிடையாது, காய்ச்சலில் கிடந்தால் பெயர் விழாது. ஒருவருக்கு 22 நாள் விழுந்திருந்தால் 11 வெள்ளி, அதிலிருந்து அரிசிக் கணக்கும் முன்பணமும் போக மீதிதான் கைக்கு. விதித்த கூலி அறிக்கையில் கிடைக்கும், வாங்கிய கூலி செக்ரோலில்தான் கிடைக்கும்.

செக்ரோலில் பெயரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். கிராணி காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஒரே முனியாண்டி மூன்று விதமாக வருவார், மூன்று முனியாண்டிகள் ஒரே விதமாகவும் வருவார்கள். வயதும் குத்துமதிப்புதான். பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டில் வரிசையாகப் பல பிள்ளைகள் ஜனவரி முதல் தேதியில் பிறந்திருந்தால், அது வாத்தியார் போட்ட தேதி.

அளவுகளையும் தேதிகளையும் மாற்றிக்கொள்ளும் ஒரு சின்ன அட்டவணையை நோட்டின் உள்ளட்டையில் ஒட்டி வைப்பது நல்லது. 16 தாயில் ஒரு கட்டி, 100 கட்டி ஒரு பிக்குல், ஒரு பிக்குல் ஏறத்தாழ 60.5 கிலோ. ஒரு ஏக்கர் 0.405 ஹெக்டர். ஜப்பான்காரர் காலத்துத் தாளில் 2602 என்று இருந்தால் பதற வேண்டாம், 660ஐக் கழித்தால் 1942 வரும். அந்தக் காலத்தில் கடிகாரத்தையும் தோக்கியோ நேரத்துக்குத் தள்ளிவைத்தார்கள், முன்பிருந்ததைவிட ஒன்றரை மணி அதிகம். 1982 ஜனவரி முதல் தேதி தீபகற்பத்தின் கடிகாரம் இன்னொரு அரை மணி முன்னே போனது. "அஞ்சு மணிக்குப் பெரட்டு" (வேலைக்கு முன் பெயர் கூப்பிடுவது) என்று யாராவது சொன்னால் எந்தக் காலத்து அஞ்சு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மக்கள்தொகைக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. மலாயாவில் 1931க்குப் பிறகு அடுத்த கணக்கெடுப்பு 1947இல்தான். சிங்கப்பூரையும் சேர்த்து இந்தியர் 1931இல் சுமார் 6,20,000, 1947இல் சுமார் 6,00,000. இதைக் காட்டி "சயாம் மரண ரயிலில் (ஜப்பான்காரர் ஆள் பிடித்துப் போட்ட சயாம்-பர்மா ரயில் பாதையில்) மாண்டவர்களே இந்தக் குறைவு" என்று எழுதுவது நம் மேடைகளில் சகஜம். ரயில் பாதையில் தமிழர் கூட்டங்கூட்டமாக மாண்டது உண்மை. ஆனால் இந்த இரண்டு எண்ணைக் கழித்து அந்தச் சாவுகளை எண்ண முடியாது. 1930களின் தொடக்கத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஆயிரக்கணக்கானோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர், பிறகு மறுபடி ஆள் வந்தது, 1938இல் இந்திய அரசு உதவிபெறும் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்தது, இடையில் பிள்ளைகள் பிறந்தனர். பதினாறு ஆண்டுகளின் வரவும் செலவும் சேர்ந்த மீதி அது. மாண்டோரைப் பற்றி எழுத வேண்டுமானால் உங்கள் தோட்டத்திலிருந்து போனவர் பட்டியலைக் குடும்பம் குடும்பமாகக் கேட்டு எழுதுவதே நேர்மையான வழி. ஒரு தோட்டத்துக்கு அது முடிகிற காரியம்தான்.

கல்லும் பித்தளையும்

கோயில் சுவரில் இருக்கும் கல்வெட்டு பழையதாக இருக்க வேண்டியதில்லை. குடமுழுக்கு நடக்கும்போதெல்லாம் பழைய பலகையை எடுத்துவிட்டுப் புதிய பளிங்கில் பழைய ஆண்டைப் பொறிப்பார்கள். பழைய பலகை பெரும்பாலும் மடைப்பள்ளிக்குப் பின்னால் துணி துவைக்கிற கல்லாகக் கிடக்கும், பாருங்கள். மங்கிய எழுத்தைப் படிக்கச் சுண்ணாம்போ எண்ணெயோ தடவ வேண்டாம், கல் பாழாகும். இருட்டியதும் டார்ச் விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். அந்த நிலையில் படம் எடுங்கள்.

"சாதாரண வருடம் தை மாதம்" (சாதாரண என்பது ஒரு தமிழ் ஆண்டின் பெயர்) என்று மட்டும் இருந்தால் அது 1911 ஜனவரியாகவும் இருக்கலாம், 1971 ஜனவரியாகவும் இருக்கலாம். தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பும், சித்திரையில் தொடங்கும். எந்தச் சுழற்சி என்பதை நன்கொடையாளர் பெயரோ பணத்தின் பெயரோ சொல்லும். கோயில் மணி, குத்துவிளக்கு, பித்தளை அண்டா, கல்யாணத்துக்குக் கொடுத்த குடம் இவற்றில் நம்மவர்கள் பெயரும் தேதியும் வெட்டுவது வழக்கம். காகிதத்தைக் கரையான் தின்றுவிட்ட தோட்டத்தில் வீட்டுக்கு வீடு அலமாரியில் இருக்கும் பாத்திரங்களே பதிவேடு. இரும்புக் கடைக்குப் போவதற்குள் பார்த்துவிடுங்கள்.

பழைய தாளை லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். சன்னலோர வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், கைபேசியை நேர் மேலே பிடித்து எடுங்கள். அட்டையையும் வெற்றுப் பக்கத்தையும் சேர்த்தே எடுக்க வேண்டும். புகைப்படத்தின் பின்பக்கத்தில் பேனா படக் கூடாது, மென்மையான பென்சில் போதும்.

பெரியவர்களிடம் கேட்பது

ஒரு அமர்வுக்கு ஒன்றரை மணி நேரம் போதும். பதிவு செய்கிறோம் என்பதை முதலில் சொல்லி, அவர் சம்மதம் சொல்வதையும் பதிவில் வாங்குங்கள். "கங்காணி கொடுமை செய்தாரா?" என்று கேட்டால் ஆமாம் என்றோ இல்லை என்றோ பதில் வரும், அதோடு கதை முடிந்துவிடும். "பெரட்டுல யாரு பேரு கூப்பிடுவாங்க? உங்களுக்கு எத்தனை மரம் குடுத்தாங்க? பால் எங்க கொண்டுபோய் நிறுப்பாங்க?" என்று வேலையிலிருந்து தொடங்குங்கள். கை செய்த வேலையை மனம் சரியாக வைத்திருக்கும். லயம், கள்ளுக்கடை, பிள்ளைக் கொட்டகை, கிராணி வீடு எங்கெங்கே இருந்தன என்று ஒரு தாளில் அவரையே வரையச் சொல்லுங்கள். பாட்டியிடம் கேட்கும்போது மகன் பக்கத்தில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் அவர்தான் பதில் சொல்வார்.

ஆண்டைக் கேட்காதீர்கள். எதற்கு முன், எதற்குப் பின் என்று கேளுங்கள்: ஜப்பான்காரன் வந்ததற்கு முன்னா, முள்வேலி போட்டதற்குப் பிறகா, மெர்டேக்காவுக்கு (சுதந்திரத்துக்கு) முன்னா, வேலை பெர்மிட் இல்லாதவர்கள் ஊருக்குப் போன 1969ஐ ஒட்டியா, முதல் பிள்ளை பிறந்தாச்சா? சொன்னதை வெளிச்சான்றோடு ஒட்டிப் பாருங்கள். "அப்பா 1920ல ரஜுலா கப்பல்ல வந்தாரு" என்று ஒருவர் சொல்கிறார் என்று வையுங்கள். ரஜுலா 1926இல்தான் கட்டப்பட்டது. ஆண்டு தவறாக இருக்கலாம், அல்லது அப்பா வேறு கப்பலில் வந்து, பின்னால் ஊருக்குப் போய்த் திரும்பியது ரஜுலாவில் இருக்கலாம். பொய் சொல்கிறார் என்று முடிவு கட்ட வேண்டாம். இரண்டு பயணம் நினைவில் ஒன்றாகச் சேர்ந்திருந்தால், அந்த இரண்டாவது பயணம் எதற்கு என்பதே உங்களுக்குப் புதிய கேள்வி.

சாதி, கங்காணி குடும்பத்தின் நடத்தை, 1948இல் கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அறிவித்த அவசரகாலத்தில் யார் யாரைக் காட்டிக் கொடுத்தார், ரயிலுக்கு ஆள் பிடித்தது யார் என்பதெல்லாம் பேச்சில் வரும். பேரப்பிள்ளைகள் இன்றும் ஒரே தாமானில் (குடியிருப்பில்) அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறார்கள். பதிவு செய்து வையுங்கள், மலரில் பெயர் போடாதீர்கள்.

சுங்கை சிப்புட்டையே எடுத்துப் பார்ப்போம்

1948 ஜூன் 16 காலையில் இந்த ஊரை ஒட்டிய இரண்டு தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டனர். அன்றே பேராக்கின் சில பகுதிகளில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது, 18ஆம் தேதி கூட்டரசு முழுவதற்கும் விரிந்தது. இவ்வளவும் நாளிதழிலும் அரசு ஆவணத்திலும் ஒத்துப்போகிறது, ஆகவே தேதியைப் பற்றிச் சந்தேகம் இல்லை. ஆனால் சிங்கப்பூரில் அச்சான ஆங்கில இதழ் யாருடைய அச்சத்தை எழுதியது என்று கேளுங்கள். இறந்தவர்களின் பெயர் இருக்கிறது. அன்று காலை பெரட்டுக்கு வந்த தொழிலாளர் என்ன பார்த்தார்கள், மறுநாள் வெட்டுக்குப் போனார்களா, போலீஸ் லயத்தில் யாரைக் கேள்வி கேட்டது என்பதை எழுத அந்த இதழுக்கு அவசியம் இல்லை. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் லயத்தைச் சுற்றி முள்வேலி எழுந்தது, ஊரடங்கு வந்தது, அரிசி அளந்து கொடுக்கப்பட்டது. அதற்கு அரசுக் கோப்பில் உத்தரவு இருக்கும், தோட்ட வரைபடத்தில் லயம் இடம் மாறியது தெரியும், வேலி வாசலில் சோற்றுத் தூக்கைத் திறந்து சோதித்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். மூன்றையும் வைத்து எழுதும்போது எது எதிலிருந்து வந்தது என்று வாசகனுக்குத் தெரிய வேண்டும். உத்தரவின் தேதியை உறுதியாக எழுதுங்கள், நினைவில் வந்ததை "என்கிறார்" என்று எழுதுங்கள். பாட்டியின் வார்த்தையை அரசு மொழிக்கு மாற்றிச் சமன் செய்ய வேண்டாம்.

சான்றுகள் முரண்பட்டால் நடுவில் ஒரு ஆண்டைப் பிடித்துப் போடுவது கெட்ட பழக்கம். பதிவேடு 1931 என்கிறது, கல்வெட்டு 1927 என்கிறது என்றால் இரண்டையும் எழுதி, நீங்கள் எதை ஏற்கிறீர்கள், ஏன் என்று ஒரு வரி சேருங்கள். கோயில் தலைவருக்குக் கூடப் பழைய ஆண்டுதான் பிடிக்கும், நூற்றாண்டு விழா சீக்கிரம் வரும். அந்த ஆசையையும் ஒரு சான்றின் குறையாகவே கணக்கில் வையுங்கள்.

ஒவ்வொரு தகவலுக்கும் பக்கத்தில் கோப்பு எண்ணோ, இதழின் தேதியும் பக்கமுமோ, பேசியவரின் பதிவு எண்ணோ அப்போதே எழுதிவிடுங்கள். பிறகு எழுதலாம் என்று விட்டது எழுதப்பட்டதே இல்லை. மலர் அச்சானதும் 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி பெர்புஸ்தகாஆன் நெகாராவுக்கு (தேசிய நூலகத்துக்கு) ஐந்து பிரதி அனுப்ப வேண்டும். அச்சகத்துக்கு எண்ணிக்கை சொல்லும்போதே அந்த ஐந்தையும், பள்ளி நூலகத்துக்கு இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். ஒலிப்பதிவும் படங்களும் அடங்கிய வன்தட்டு ஒன்று பள்ளியில், இன்னொன்று ஊருக்கு வெளியே வேறு ஒருவர் வீட்டில்.